அண்ணனைச் சாகவிடாத ஊர்கள்

நாடகக் கம்பெனியில் வாத்தியார் வேலை என்பது, நாம் எழுதியதை மற்றவர்கள் திருத்துவதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வேலை. என்னைப் போல எழுதி அவதிப்பட்ட அன்பர்களுக்கு இது தெரிந்ததுதான்.

என் நாடகம் முக்கால்வாசி காதல்தான். பாட்டு, கேலி, நிச்சயதார்த்தம் எல்லாம் உண்டு. நாலாம் அங்கத்தில் ஒரு வாய்த் தகராறு. மாப்பிள்ளை, பெண்ணின் அண்ணனைக் கத்தியால் குத்திவிடுகிறான். அந்தக் கணத்தோடு சிரிப்பு முடிந்தது. பிறகு யார் நினைத்தாலும் அந்த இருவரும் சேர்ந்து வாழ முடியாது. அந்த ஒரு காட்சியைத்தான் எல்லோருக்கும் பிடிக்கவில்லை.

அம்மாபேட்டை

கொட்டகை போட்ட காண்ட்ராக்டர் ஒத்திகை பார்க்க வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து காதல் பாட்டுக்கெல்லாம் தாளம் போட்டார். அண்ணன் விழுந்ததும் எழுந்துவிட்டார். பண்டிகைச் சமயம், ஜனங்கள் குடும்பத்தோடு வருவார்கள், கடைசியில் தாலி கட்டித்தான் ஆகவேண்டும் என்றார். பிணம் கிடக்கிற வீட்டில் எப்படி ஐயா மேளம் கொட்டுவது என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"செத்தது அண்ணன்தானுங்களே, மாப்பிள்ளை இல்லீங்களே. அப்பறம் கல்யாணத்துக்கு என்னங்க தடை?"

திருச்செங்கோடு

இங்கே துரோகம் உள்ளேயிருந்தே வந்தது. மாப்பிள்ளை வேஷம் கட்டிய எங்கள் ராஜபார்ட், குத்த வேண்டிய இடத்தில் கத்தியைத் தூர எறிந்துவிட்டு அண்ணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அண்ணன் வேஷக்காரரும், சாகிற வேலை மிச்சமென்று, அவரைத் தட்டிக்கொடுத்தார். ஆர்மோனியக்காரர் சமயம் பார்த்து மங்களம் வாசித்துவிட்டார். ஜனங்கள் சந்தோஷமாகக் கலைந்து போனார்கள். ஒப்பாரிக்காகத் தலையை விரித்துப் போட்டுத் திரைக்குப் பின்னால் நின்ற ஸ்திரீபார்ட் அம்மாள், நான் கலங்குவதற்கு முன்பே கண்கலங்கினாள். ஒரு மாதமாகப் பாடம் செய்த காட்சி அவளுக்கு.

ராஜபார்ட்டின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அரிதாரத்தைத் துடைத்தபடியே பதில் சொன்னார்:

"என்னைக் கொலைகாரனாப் பாத்தப்பறம் நாளைக்கு எவன் வாத்தியாரே எனக்கு மாலை போடுவான்?"

எருமப்பட்டி

எழுதியபடி நடக்காவிட்டால் கம்பெனியை விட்டே போகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அந்த ஊரில் ஒரே ஒரு தடவை என்று ஒப்புக்கொண்டார். ராஜபார்ட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குத்தினார். அண்ணன் விழுந்தான். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி மட்டும் எழுந்து வெளியே போய்விட்டாள். ஜனங்களை விரட்டுகிறேன் என்று முதலாளி என்னைத் திட்டித் தீர்த்தார்.

மறுநாள் காலை அவள் எங்கள் ஜாகைக்கு வந்தாள். வயற்காட்டு வேலைக்காரப் பெண். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து முதலாளி அவளை வாசலிலேயே துரத்தப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே கூப்பிட்டேன். கிணற்றுத் தண்ணீர் முறைக்காக அவள் புருஷன் அவளுடைய அண்ணனை மண்வெட்டியால் அடித்துவிட்டானாம். அண்ணன் போய்விட்டான். புருஷன் ஜெயிலில். விடுதலையாகி வரும் நாள் நெருங்குகிறது. பிறந்த வீட்டார் அந்த வீட்டில் இருக்காதே என்கிறார்கள், மாமியார் இங்கேயே இரு என்கிறாள்.

ஐந்தாம் அங்கத்தில் என் கதாநாயகியை ஆற்றில் விழ வைத்திருந்தேன். அதை இவளிடம் சொல்லாமல், இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ அம்மா என்றேன். அவள் உட்காரவில்லை.

"சோறு வேண்டாமுங்க சாமி. அந்தப் புள்ள அப்பறம் யாரு ஊட்டுக்குப் போச்சுங்க?"

நாடகத்தில் ஒருவனைக் கொல்வது எளிது, அவனைச் செத்தபடியே வைத்திருக்கத்தான் ஊருக்கு ஊர் சண்டை போடவேண்டியிருக்கிறது.