மாமாவின் லத்தீன் கத்தி

எனக்கு அறுபத்தெட்டு வயது. பெற்று வளர்த்தது ஏழு பேரை. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. என்றாலும் இதை நானே எழுத்துக் கூட்டி எழுதுகிறேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அம்மாவின் தம்பி, என் மாமா, கப்பல் வேலையை விட்டு மன்னாருக்குத் திரும்பினார். பெட்டிக்குள் ஒரு வளைந்த கத்தி. பிடியில் வாய் பிளந்த ஏதோ மிருகம், அலகில் வெள்ளைக்காரன் எழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டார். மாமா கத்தியைத் திருப்பிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே, மாதாவின் செபம், லத்தீன் என்றார். பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் இரும்பு வைப்பது எங்கள் வழக்கம். செபம் எழுதிய இரும்பு யாருக்குக் கிடைக்கும்? தம்பி பிறந்தபோது அம்மா அதைத்தான் வைத்தார்.

பிறகு மாமாவுக்குக் கல்யாணம் பேசி, மறுப்பிருந்தால் சொல்லுங்கள் என்று கோயிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். வீடு மந்திரிக்க வந்த வெள்ளைக்காரச் சாமியாரிடம் அம்மா பெருமையோடு கத்தியை நீட்டினார். மாமா பாய்ந்து அலகைப் பிடித்துப் பறித்தார். தீட்டுப்பட்ட இரும்பைச் சாமி தொடக்கூடாதாம். கையில் இரத்தம் ஒழுக நின்றவரின் பக்தியைப் பார்த்துச் சனம் சிலிர்த்தது.

கிணற்றடியில் நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.

"நோகுதோ மாமா?"

"காயம் நோகேல்லையடி," என்றவர் அழுதார்.

என் ஏழு பேறுக்கும் அந்தக் கத்திதான் தலைமாட்டில் இருந்தது.

மாமா செத்து, சண்டையில் ஊரும் பெயர்ந்தபின், மாமி அதைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு இத்தாலியில் பலேர்மோவுக்கு எங்களிடம் வந்தார். நேற்று, சீசா என்ற பகுதியில் உள்ள எங்கள் வீட்டின் படியில் குந்தியிருந்து அதற்கு எண்ணெய் பூசினேன். கீழ்வீட்டுப் பிலிப்பைன்ஸ் பெண் வேலை முடிந்து வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். இந்தப் பிடி, ஒரு பக்கம் மட்டும் தீட்டிய இந்த அலகு, எல்லாம் தங்கள் பனாய் தீவினுடையது என்றாள். எழுத்தும் அவளுடைய பாஷைதான். அவள் இத்தாலியனில் சொல்ல, பேத்தி தமிழில் சொன்னாள்.

"'உங்கடை பெண்சாதி ரெமெடியோஸ். நானும் பிள்ளையும் உங்கடை வரவைப் பாத்துக்கொண்டிருக்கிறம்.' இவ்வளவுதானாம், அம்மம்மா."

 பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகாததால்தான் மாமா சாமியாருக்குப் பயந்து அழுகிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். கல்யாணத்தன்று அவருக்கு முன்னால் பூத் தூவிப் போனதும் நான்தான்.

பேத்தி, நான் எழுதினது சரியோ எண்டு இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. மெல்லமாய் வாசி. பக்கத்து அறையிலை மாமி அந்தக் கத்தியைத் தலைமாட்டிலை வைச்சுக்கொண்டு படுத்திருக்கிறா.