ரயில் கத்தட்டும்

அந்தப் படத்தில் ஒரு ரயில் தேவைக்கு மிஞ்சிக் கத்தும். ஒரு தாய் மகனை வழியனுப்பும் இடம். அவள் வாய் அசைகிறது, ஒரு சொல்லும் கேட்பதில்லை. இயக்குநர் கிழவருக்குக் காது போய்விட்டது என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அந்தத் தாயாக நடித்தவள் நான். அவருடைய காதைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கலாம்.

இயக்குநர் இத்தாலியின் தெற்கே செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். மற்றவர்களின் படங்களுக்கு ஒலி சேர்த்துப் பிழைத்து, நடுவயதில்தான் தன் முதற் படத்தை எடுத்தார். பிறகு எடுத்ததெல்லாம் கூலி வேலை செய்பவர்களையும் ஊர்விட்டு வந்தவர்களையும் பற்றியது. சொந்த நாட்டில் பணம் போட ஆளில்லாமல் போனதும் ஜெர்மனிக்கு வந்தார். ஹனோவர் ரயில் நிலையத்தில் படமெடுத்தபோது, அங்கே உணவுக்கடையில் வேலை செய்த என்னைக் கூப்பிட்டார். எனக்கு நடிக்க வராது என்றேன். அவர்கள் நாட்டு வழக்கப்படி, படம் பிடிக்கும்போது வாயில் வந்ததைப் பேசலாமாம். "குரலைப் பிறகு போடலாம்" என்றார். ஒரு நடிகர் வசனத்துக்குப் பதில் ஒன்று, இரண்டு என்று எண்ணியபடியே கண்ணீர் விட்டார்.

அழிந்துபோகும் பேச்சுத்தானே என்று, ரயில் ஜன்னலில் நின்ற நடிகனைப் பார்த்து நான் என் தம்பியோடு பேசிவிட்டேன்.

"தம்பி, நீ இல்லை எண்டதை அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லையடா. எனக்கு ஏலாது."

ஊரில் தம்பி இறந்த செய்தி எனக்கு மட்டுமே வந்திருந்தது. என்னோடு இருந்த அம்மா, "அவன் எப்ப பிள்ளை வருவான்?" என்று கேட்காத நாளில்லை.

சில மாதங்கள் கழித்து இயக்குநர் என்னை ஒலிக்கூடத்துக்கு அழைத்தார். என் குரலை அப்படியே வைக்கப்போகிறாராம். தன் வாழ்நாளில் இப்படியொரு குரலைக் கேட்டதில்லை என்றார். பேசியதன் பொருளைச் சொல்லி, அம்மா இந்தப் படத்துக்காகக் காத்திருப்பதையும் சொன்னேன். வேறொருத்தியின் குரலைப் போடலாம் என்றார் தயாரிப்பாளர். இயக்குநர் தலையாட்டி மறுத்தார்.

"இந்த வாய்க்கு வேறு குரல் வேண்டாம். ரயில் கத்தட்டும்."

என் குரலை என் கண்முன்னாலேயே அழித்தார். விமர்சகர்கள் ஏசியபோதும் அவர் காரணம் சொல்லவில்லை. அப்படியொரு மனிதரை நான் பிறகு காணவில்லை.

அம்மா படம் பார்த்தார். என் சேலை நல்லாயிருக்கு என்றார். தம்பி வந்ததும் அவனுக்கும் காட்டவேணும் என்றார். எதுவும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

இந்த வருடம் இயக்குநரும் காலமானார். அவர் நினைவாக ஹனோவரில் அந்தப் படத்தைத் திரையிட்டார்கள். ரயில் கத்தத் தொடங்கியதும், திரையில் அசைந்த என் வாயோடு சேர்ந்து அந்தச் சொற்களை நான் உரக்கச் சொன்னேன். முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். குரலைப் பிறகு போடலாம் என்று இயக்குநர்தானே சொன்னார்.