ரெஃப்ரி காதில் சொல்வது அக்காவுக்கு எப்படித் தெரியும்?

இன்று காலை அக்கரப்பத்தனையிலிருந்து நுவரெலியாவுக்கு வரும் பஸ்ஸில் எனக்கும் நண்பன் குமாருக்கும் வழக்கமான சண்டை. டீவியில் நடிப்பாகக் காட்டும் ரெஸ்லிங்கைப் பற்றித்தான்.

ரிங்கில் விழுந்து கிடப்பவனுக்கு, "ஆட்டத்தைச் சீக்கிரம் முடி" என்று மேடைக்குப் பின்னாலிருந்து எப்படித் தகவல் போகும்?

கை சாடை என்றான் குமார். எல்லாம் முதலிலேயே பேசிவைத்ததுதான் என்றேன் நான். நம் ரெஸ்லிங் வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தானே அட்மின், விட்டுக்கொடுக்க முடியுமா?

முன் சீட்டிலிருந்த என் அக்கா திரும்பினாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். நான் டீவியில் ரெஸ்லிங் பார்க்கும்போது சமைத்துக்கொண்டே எட்டிப் பார்த்ததோடு சரி.

"ரெஃப்ரிதான்டா சொல்றாரு. அடிபட்டுச்சான்னு பாக்குற மாதிரி குனிஞ்சு, காதுல சொல்லிட்டு எந்திரிக்கிறாரு."

சிரித்துக்கொண்டே போனில் தேடினேன். பழைய ரெஃப்ரி ஒருவரின் பேட்டியில் அப்படியே அதேதான் இருந்தது.

"எப்படிக்கா தெரியும்?"

"தோட்டத்து மேனேஜர் தொரை நாங்க பறிக்கிற மலைக்கு வந்தா, எங்க வேலைய பாத்துக்கிற கங்காணி அவரு முன்னால எங்கள கத்தி ஏசுவாரு. அப்புறம் கொழுந்தப் பாக்குற மாதிரி கிட்ட வந்து, 'மனசுல வச்சுக்காதம்மா, அவரு போகட்டும்'னு மெதுவா சொல்லுவாரு. நாங்களும் பயந்த மாதிரி நிப்போம். இன்னைக்கு வரைக்கும் ஒரு தொரைக்கும் தெரியாது."

குமார் எழுந்து நின்று கைதட்டினான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "என் அக்கா" என்று, கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

இன்று முதல் அக்காதான் அட்மின்.

நம் குரூப்பில் துரைமார் யாராவது இருந்தால், இதைப் படிக்காத மாதிரியே இருங்கள். நடிப்பு உங்களுக்கும் வரட்டும்.