வாலைப் பார்த்துப் பேர் சொல்லும் தாமரைச்செல்வி

திருநகரில் தாமரைச்செல்வியின் மொட்டை மாடியை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் அவளைக் குடிகாரி என்றுதான் நினைப்பார்கள். கைப்பிடிச் சுவர் ஓரமாக வரிசை வரிசையாகக் குவார்ட்டர் பாட்டில்கள். கிட்டே போய்க் குனிந்தால்தான் ஒவ்வொன்றிலும் வாதாம் இலை ஊறி டீ நிறமான தண்ணீரும், அதற்குள் ஒரு ஃபைட்டர் மீனும் இருப்பது தெரியும். மீன் விஷயம் தெரிந்த பிறகும் கீழ்வீட்டுக்காரர் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இத்தனை பாட்டிலையும் யாராவது ஒருத்தர் குடித்துத்தானே காலி செய்திருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம்.

பாட்டிலில் இருந்தது அத்தனையும் பொட்டை மீன். ஃபைட்டரில் ஆணுக்குத்தான் மவுசு. அது பட்டு வேட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு நடக்கிற புது மாப்பிள்ளை மாதிரி வாலை வீசிக்கொண்டு திரியும். பொட்டைக்கு வால் குட்டை. அதையும் எந்நேரமும் சுருட்டி வைத்துக்கொள்ளும். சுருட்டிய வாலோடு பார்த்தால் எல்லாப் பொட்டையும் ஒரே அச்சு. அதனால் மீன் வளர்க்கிறவர்கள் ஆணைத் தனித்தனியாகப் பாட்டிலில் போட்டு விற்றுவிட்டு, பொட்டைகளை மொத்தமாக ஒரு டப்பில் தள்ளி, பெரிய மீன் வைத்திருப்பவர்களுக்குத் தீனியாகக் கொடுத்துவிடுவார்கள். தாமரைச்செல்வி வாங்கிவருவது அந்தத் தீனி டப்பைத்தான்.

வாங்கிவந்து ஒவ்வொன்றையும் ஒரு பாட்டிலில் விடுவாள். ராத்திரி முழுக்க அதைத் தனியாக விட்டுவிட்டு, காலையில் பவுடர் டப்பாக் கண்ணாடியைப் பாட்டிலுக்குப் பக்கத்தில் பிடிப்பாள். கண்ணாடிக்குள் இன்னொருத்தியைப் பார்த்ததும் பொட்டைக்குக் கோபம் வரும். செவுளை உப்பி, வாலை விரிக்கும். கண் இமைக்கிற நேரம்தான். அதற்குள் பார்த்துவிட வேண்டும். வாலின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒரே நேர்கோட்டில் நின்று, அரைவட்டம் முழுசாக விரிந்தால் ஹாஃப்மூன். ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் கிரவுன். நடுவில் பிளந்து இரண்டாக இருந்தால் டபுள். விரித்தும் அரைவட்டத்தை எட்டாமல், ஈரத்துணி மாதிரி கீழ்ப்பக்கம் சரிந்தால் அது வெய்ல் டெயில். நல்ல வால் உள்ளதைக் குஞ்சு எடுக்கிறவர்களுக்கு விற்பாள்; வெய்ல் என்று வாயால் சொல்லிவிட்டால் அந்த மீனின் கதை முடிந்தது.

மாடி மூலையில் கதவு கழற்றிய பழைய ஃபிரிட்ஜ் ஒன்று மல்லாந்து கிடந்தது. அதில் தண்ணீர் ரொப்பி ஓர் ஆஸ்கர் மீன் வளர்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். அதற்கு வெள்ளைத்துரை என்று பேர் வைத்திருந்தாள். அது அவளுடைய வீட்டுக்காரர் பேர். எதைப் போட்டாலும் விழுங்கிவிட்டு அடுத்தது எங்கே என்று பார்ப்பதில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் இல்லை என்பாள். வெய்ல் பொட்டைகளை ஒவ்வொன்றாக அதில் விடும்போது அவள் முகத்தில் ஒரு சுருக்கமும் விழாது.

அசல் வெள்ளைத்துரை டி. கல்லுப்பட்டிக்காரர். இவள் மூஞ்சி எந்நேரமும் சுருட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்று காரணம் சொல்லி, முகம் மலர்ந்த ஒருத்தியோடு திருப்பூருக்குப் போய்விட்டார். போகும்போது பீரோவைக்கூட எடுத்துக்கொண்டவர், ஜன்னலில் இருந்த ஒரு ஃபைட்டர் மீனை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அது ஆண். தனியாகக் கிடக்கிறதே என்று பரிதாபப்பட்டு இவள் ஒரு பொட்டை வாங்கிவந்து அதோடு விட்டாள். விடிந்து பார்த்தால் பொட்டை துடுப்பெல்லாம் கிழிந்து மிதந்தது. ஆண் அதைச் சுற்றிச் சுற்றி வந்து காட்சி கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு தாமரைச்செல்வி எந்த ஆணுக்காகவும் பரிதாபப்பட்டதாகத் தகவல் இல்லை.

அவளுக்கென்று ஒரே ஒரு கர்வம் இருந்தது. வாலுக்குப் பேர் மாற்றிச் சொன்னதில்லை. வியாபாரம் போனாலும் சொல்ல மாட்டாள். சோழவந்தானிலிருந்து முகேஷ் என்ற வெற்றிலை வியாபாரி, ஆன்லைனில் வாங்கிய பொட்டையை ஹாஃப்மூன் என்று பெருமையாகக் கொண்டுவந்து காட்டினான். இவள் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“வெய்ல். இதுக்குக் குடுத்த காசுக்கு வெத்தலை வாங்கி ஊருக்கே குடுத்திருந்தா, நாலு பேரு உன் பேரைச் சொல்லித் துப்பியிருப்பாங்க.”

அவன் கோபித்துக்கொண்டு போனான். அந்தப் பொட்டை போட்ட குஞ்சுகள் வளர்ந்து, அத்தனையும் வால் சரிந்து நின்றபோது திரும்பி வந்தான். அதிலிருந்து அவள் சொன்னதுதான் அவனுக்கு வேதம். அவனைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். அவள் அடுப்பு எரிவது அவர்களால்தான்.

டப் கொடுத்துக்கொண்டிருந்தவன் அழகுபாண்டி. திருமங்கலம் ரோட்டில் தகரச் செட் போட்டு மீன் வளர்க்கிறான். வெள்ளை ஃபைட்டர் மட்டும்தான். வேறு நிறம் கிடையாது. இவளை விடப் பத்து வயது சின்னவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஆனால் கஸ்டமர் யாராவது இருந்தால், பொட்டை டாக்டர் வந்துட்டாங்க என்று சத்தமாக அறிவிப்பான். மாமாவுக்கும் கண்ணாடி காட்டிப் பார்த்திருந்தால் திருப்பூர் போயிருக்க மாட்டார் என்பான். அவள் டப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். சுற்றுவட்டாரத்தில் பொட்டையைத் தனியாகப் பிரித்து மொத்தமாகக் கொடுக்கிறவன் அவன் ஒருத்தன்தான். அவன் நிறுத்தினால் மாடியில் காலி பாட்டில்தான் மிஞ்சும், கீழ்வீட்டுக்காரர் சொன்னதும் சரியாகப் போய்விடும்.

ஒருநாள் முகேஷ் அழகுபாண்டியின் செட்டுக்கு ஆண் மீன் வாங்கப் போனவன், வாய் சும்மா இருக்காமல், உங்க சரக்குப் பொட்டையைத்தான் அக்காகிட்ட வாங்குறேன், அருமையா இருக்கு என்று பாராட்டிவிட்டு வந்தான். தீனிக்குத் தள்ளிய மீனை ஒருத்தி பொறுக்கி எடுத்துப் பேர் வாங்குகிறாள் என்பது அழகுபாண்டிக்குக் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது. டப் கொடுப்பதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நல்ல மீனைத் தூக்கிப்போட்ட முட்டாள் தான்தான் என்று ஆகிவிடும். அதனால் வேறு ஒரு வேலை செய்தான். மனைவி கனகலட்சுமியின் நகவெட்டிக் கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டப்பின் வாயைத் துணியால் கட்டிக் கொடுத்தான்.

“யக்கா, இந்தத் தடவை நல்லா வாலைப் பாத்துச் சொல்லுங்க” என்றான். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவளுக்கு அது எப்போதும் வருகிற சிரிப்பாகத்தான் பட்டது.

மாடிக்கு வந்து துணியை அவிழ்த்தாள். எந்த மீனுக்கும் வால் இல்லை. வால் இருந்த இடத்தில் பிசிர் பிசிராக ஒரு கட்டை. முன்துடுப்பை மட்டும் அடித்துக்கொண்டு, தலை மேலே தூக்க, உடம்பு கீழே இழுக்க, ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டிருந்தன. தாமரைச்செல்வி குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தாள். வலையை எடுத்தாள். வலையைக் கண்டதும் ஆஸ்கர் மேலே வந்து வாயைத் திறந்தது. வெட்டுப்பட்ட மீனை விற்க முடியாது, வைத்திருந்தால் அழுகும். வெள்ளைத்துரைக்குப் போடுவதுதான் வியாபாரம்.

அவள் பாட்டில்களைக் கழுவ ஆரம்பித்தாள்.

ஒவ்வொன்றிலும் புண் ஆற ஒரு துண்டு வாதாம் இலை, ஒரு கிள்ளு கல் உப்பு. ஒவ்வொரு மீனாக விடும்போது, அழுகிச் சாகுறதுக்கு என் வீடுதான் கெடச்சுச்சா, ஒழுங்கா இருக்கலைன்னா அந்தா கெடக்கான் பாரு என்று ஃபிரிட்ஜைக் காட்டி மிரட்டினாள். விடிந்ததும் பழக்கதோஷத்தில் கண்ணாடியை எடுத்தாள். இல்லாத வாலை என்னத்தை விரிப்பது? ஆனால் மீன்களுக்கு அது தெரியவில்லை. கண்ணாடியில் வால் போன இன்னொருத்தியைப் பார்த்து அவையும் கோபப்பட்டு, செவுளை உப்பி, கட்டையை விரித்தன.

அதில் ஒன்று விரித்தபோது அவள் கை நின்றது. கட்டைதான். ஆனால் மேல் ஓரமும் கீழ் ஓரமும் அடியிலிருந்தே நூல் பிடித்த மாதிரி நின்றன. அழகுபாண்டியின் மீன் எதுவும் அப்படி முழுசாக நிற்காது. அவன் சரக்கில் நல்லது என்று இவள் பொறுக்குவதுகூட அரைவட்டத்துக்கு ஒரு நூல் குறைவுதான். இது வேறு வீட்டுப் பிள்ளை. அந்தப் பாட்டிலுக்கு மட்டும் சாயங்காலம் இரண்டு தடவை தண்ணீர் மாற்றினாள். மறுநாள் காலையில் அது அடியில் பக்கவாட்டில் கிடந்தது. வேறு சிலவும் அப்படித்தான் கிடந்தன. செத்ததை எல்லாம் ஆஸ்கருக்குப் போட்டுவிட்டு, இதை மட்டும் செம்பருத்தித் தொட்டியில் புதைத்தாள்.

அன்றைக்கு மத்தியானமே அழகுபாண்டி படியேறி வந்தான். முகம் வெளிறி, சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தான். தாய்லாந்திலிருந்து வரவழைத்த ஒரு பொட்டை அவனிடம் இருந்தது. அசல் ஹாஃப்மூன். அதை வைத்துத்தான் தன் மீன்களின் குறையைச் சரிக்கட்ட நினைத்திருந்தான். தொட்டி ஒழுகுகிறது என்று கனகலட்சுமி அதை எடுத்துத் தீனி டப்பில் விட்டிருக்கிறாள், இவனிடமும் சொல்லியிருக்கிறாள். பொட்டை பேச்சை இவன் காதில் வாங்குகிற வழக்கம் இல்லை. அதே நிறம், அதே அளவு. மற்றதிலிருந்து அதைப் பிரித்துக் காட்டியது வால் மட்டும்தான். அந்த வாலைத்தான் மற்றவற்றோடு சேர்த்து, எது என்று பார்க்காமலே தன் கையால் நறுக்கிவிட்டான்.

இதை அவன் சொல்லி முடிக்கும்வரை தாமரைச்செல்வி பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இதுலதான இருக்கு? சொல்லுங்கக்கா” என்றான். “இருந்துச்சுன்னா இனிமே டப்பு அம்புட்டும் உங்களுக்குத்தான், கத்தரி படாது. இல்லேன்னா இந்தப் பொட்டைச் சனியனையே பிரிச்சுத் தர மாட்டேன். பொட்டைன்னு தெரிஞ்ச கையோட ரோட்டுல கொட்டிருவேன்.”

செத்ததா என்று அவன் கேட்கவில்லை. கேட்கப் பயம். அவள் செம்பருத்திப் பக்கம் திரும்பவும் இல்லை. கண்ணாடியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“உன் மீனு. நீயே பாரு.”

வெயில் மண்டையைப் பிளந்தது. அவன் ஒவ்வொரு பாட்டிலாகக் குனிந்து கண்ணாடியைப் பிடித்தான். கிட்ட வச்சா பயந்துக்கும், தள்ளிப் பிடி என்று அவள் நிழலில் உட்கார்ந்தபடி சொன்னாள். ஒரு வரிசை முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து பார்க்கச் சொன்னாள். அவனும் பார்த்தான். வெட்டுப்பட்ட ஒவ்வொன்றும் அவன் முகத்துக்கு நேராகக் கட்டையை விரித்துக் கோபப்பட்டது. மூன்றாம் சுற்றில் அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. வியர்வை என்று துடைத்துக்கொண்டான். அவளுக்கு அது போதவில்லை; கடைசி வரிசையை விட்டுட்ட பாரு என்றாள்.

பொழுது சாயும்போது ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“இதானக்கா? நீங்க சொன்னா சரி.”

அவள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கட்டையின் கீழ்ப்பக்கம் சரிந்திருந்தது. வெட்டுப்பட்டிருந்தும் சந்தேகத்துக்கு இடமில்லாத வெய்ல். ஆரோக்கியமான, முரட்டு வெய்ல். முகேஷிடம் சொன்ன மாதிரி இவனிடமும் சொல்லிவிட வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. இவனைத் தவிர டப் கொடுக்க ஆள் இல்லை.

“அதேதான்” என்றாள். பிறகு, அவன் கேட்காமலே, “வெட்டுன வாலு பழைய மாதிரி வளராது. சரிஞ்சுதான் வரும்” என்று சேர்த்துக்கொண்டாள்.

அவன் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினான்.

அதற்குப் பிறகு அவள் பேர் பெரிதாகிவிட்டது. வாலே இல்லாமல் ஹாஃப்மூனைக் கண்டுபிடித்தவள் என்று அழகுபாண்டியே போகிற வருகிறவர்களிடம் சொன்னான். பொட்டை டாக்டர் என்பதை இப்போது கிண்டல் இல்லாமல் சொன்னான். அவளுக்கு அது கிண்டலை விட மோசமாக இருந்தது. வாலழுகிய மீனையெல்லாம் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். வால் வளர்ந்த பிறகு வா என்று விரட்டினாள். முன்பு ஒரு பார்வையில் சொன்னவள், இப்போது ஒவ்வொரு மீனுக்கும் இரண்டு மூன்று தடவை கண்ணாடி பிடித்தாள்.

டப் மட்டும் ஞாயிறு தவறாமல் கிடைத்தது, முழு வாலோடு. செட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த மீனைப் பார்க்க வேண்டியிருந்தது. பெரிய கண்ணாடித் தொட்டி, தனி லைட்டு, வேளைக்கு உயிர்ப்புழு. பொட்டை பக்கமே திரும்பாத அழகுபாண்டி அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான். தீனிக்குப் போக வேண்டிய மீன் ராணி மாதிரி அங்கும் இங்கும் போய்வந்துகொண்டிருந்தது. வால் நன்றாக வளர்ந்து, ஈரத்துணியாகச் சரிந்து தொங்கியது.

“பாத்தீங்களாக்கா” என்றான் ஒருநாள், கண்ணாடியில் விரலை வைத்து. “எப்பேர்ப்பட்ட வாலு. என் கையாலயே இப்படி ஆக்கிட்டேன்.”

ஏதாவது ஆறுதல் சொல்வாள் என்று அவன் திரும்பிப் பார்த்தான்.

“ஆமா. நீதான வெட்டுன” என்றாள் தாமரைச்செல்வி. டப்பை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.