அஷ்டமியில் பிழைத்த கிட்னி

வயிற்றுவலிக்காகக் கடலூரில் ஸ்கேன் எடுத்தபோது இடது கிட்னியில் சின்னக் கட்டி தெரிந்தது. கிட்னியையே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். என் கணவரின் அண்ணன் உடனே காலண்டரைப் பார்த்து ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்.

"கட்டிய மட்டும் எடுக்க முடியுமான்னு சிதம்பரத்துல கேட்டுட்டு வரேன் மாமா," என்றேன்.

"நல்ல நாள் பாத்தாச்சும்மா, மாத்தக் கூடாது. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குதுல்ல?"

"ரெண்டும் என்னுது மாமா."

தனியாகவே பஸ் ஏறினேன். சிதம்பரத்து டாக்டர், கட்டி ஓரத்தில் இருப்பதால் சின்னத் துளைகள் போட்டு அதை மட்டும் எடுக்கலாம் என்றார். அவர் கொடுத்த நாள் அஷ்டமி. அன்றைக்கே ஆபரேஷன் செய்துகொண்டேன். கட்டி போனது, கிட்னி இருக்கிறது.

எல்லோருக்கும் இப்படி முடியாதாம். கேட்பதில் என்ன தப்பு? இப்போது எங்கள் வீட்டில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும், டாக்டரிடம் எல்லாம் கேட்டு முடிக்கும்வரை காலண்டர் என் பீரோவில் பூட்டித்தான் இருக்கும்.