ஒரு முழம்

என் அண்ணன் பேச மாட்டான். பேசத் தெரியாதவன் இல்லை. வாயைத் திறந்தால் உள்ளே இருப்பது தீர்ந்துபோய்விடும் என்று நினைப்பவன்போல இருப்பான், அவ்வளவுதான். வீட்டில் ஒரு படம் மாட்டச் சொன்னால் நூல் பிடித்து, மட்டம் பார்த்து, எட்ட நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, ஆணி அடிப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். கொடியில் துணி காயப்போட்டால்கூட விளிம்போடு விளிம்பு சேர வேண்டும் அவனுக்கு. இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலையும் அதற்கேற்ற மாதிரிதான். தேசியக் கால்பந்து அணிகள் பயிற்சி எடுக்கும் மைதானத்தில் கோடு போடுகிறான்.

புல் வெட்டுவது, தண்ணீர் விடுவது, கோல் கம்பத்தில் வலை கட்டுவது எல்லாம் அவன் வேலைதான். ஆனால் கோடு என்றால் அவனுக்கு உயிர். இரண்டு முனையிலும் முளை அடித்து, நடுவில் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டி, வெள்ளைச் சாயம் ஊற்றிய சின்னச் சக்கர வண்டியை அந்த நூலோரமாகத் தள்ளிக்கொண்டு போவான். அந்த நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது. அதே மைதானத்தில்தான் எனக்கும் வேலை, சலவை அறையில். ஒருநாள் தெரியாமல் அந்த வண்டியின்மேல் ஈரத்துண்டைப் போட்டுவிட்டேன். அதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

அண்ணியை அவன் பிடித்ததும் அந்தக் கோட்டை வைத்துத்தான். அப்போது அவள் பெண்கள் அணிக்குப் புதிதாக வந்த தடுப்பாட்டக்காரி. காயாத கோட்டின்மேல் நின்றுகொண்டு ஷூ நாடாவைக் கட்டியிருக்கிறாள்.

"கோட்டை மிதிச்சிட்டீங்க" என்றானாம் அண்ணன். ஒரு பெண்ணிடம் அவனாகப் போய்ப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"மிதிக்கத்தானே போட்டிருக்கீங்க?" என்றாளாம் அவள்.

அதற்கு என்ன பதில் சொல்வது என்று அண்ணன் யோசித்து முடிப்பதற்குள் கல்யாணமே ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகும் நாங்கள் மூவரும் ஒரே வீட்டில்தான். மூன்றாம் மாடி, இரண்டு அறை, நடுவே ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத ஒரு சமையலறை. அண்ணி வந்த பிறகுதான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரும்பாலும் அண்ணனைக் கேலி பண்ணி நானும் அவளும் சிரித்ததுதான். அவனும் அதைக் கேட்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருப்பான்.

வருஷங்கள் ஓடிவிட்டன. அண்ணிக்கு முப்பத்து நான்கு வயதானபோது அணிக்குப் புதுப் பயிற்சியாளர் வந்தார். போன போட்டியில் நம் அணி வாங்கிய கோல் எல்லாமே ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் வாங்கியவை. அதைப் படமாகப் போட்டுக் காட்டிவிட்டு அவர் பேசியதை, துவைத்த சட்டைகளை அடுக்கிக்கொண்டே நானும் கேட்டேன்.

"ஆட்டம் தெரியாம தோக்கல. மூச்சு இல்லாம தோத்திருக்கோம். எதிர்ல வர்ற பொண்ணுக்கு நீங்க எத்தனை வருஷமா ஆடறீங்கன்னு தெரியாது. அவ பாட்டுக்குத் தாண்டிப் போயிட்டே இருப்பா. கடைசி நிமிஷம் வரைக்கும் அவகூட ஓட முடியும்னா உங்களுக்கு நாப்பது வயசானாலும் எனக்குக் கவலையில்ல. முடியாதுன்னா, பழைய பேரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாட்டுக்காக முட்டி தேய ஆடியவளைப் பழைய பேர் என்கிறானே இந்த மனிதன் என்று அன்றிலிருந்து அவருடைய சட்டைகளை மட்டும் கடைசியாகத் துவைத்தேன். என்னால் முடிந்தது அதுதான். அண்ணியிடம் சொல்லிப் புலம்பினால் அவள், "அவர் சொல்றது சரிதானே. கடைசி கோல் என்னைத் தாண்டித்தானே போச்சு" என்றாள்.

அவள் இடத்துக்குப் போட்டியாக வந்திருந்தவளுக்குப் பத்தொன்பது வயது. எல்லோரும் ராக்கெட் என்று கூப்பிடுவார்கள். அவள் ஓடுகிற வேகத்துக்கு அவள் போட்டிருக்கும் சட்டை கூடவே வருகிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும். கெட்ட பெண் என்றாலாவது திட்டலாம். "அக்கா, அக்கா" என்று அண்ணியின் பின்னாலேயே சுற்றுகிறவளை என்னவென்று திட்டுவது?

அணித் தேர்வுக்கு முன்னால் எல்லோருக்கும் ஓட்டப் பரிசோதனை என்று அறிவித்தார்கள். வயதுக்குச் சலுகை கிடையாது. இரண்டு கோடு, நடுவில் இருபது மீட்டர். ஒலிபெருக்கியில் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். அடுத்த சத்தத்துக்குள் எதிர்க் கோட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கடுத்த சத்தத்துக்குள் திரும்பி வர வேண்டும். பல ஓட்டங்கள் சேர்ந்தது ஒரு சுற்று. சுற்றுக்குச் சுற்று சத்தம் நெருக்கிக்கொண்டே வரும். இரண்டு முறை பிந்தினால் வெளியே. பதினோராம் சுற்றை முடித்தவர்களை மட்டும்தான் அணிக்கு எடுப்பது பற்றியே பேசுவார்கள்.

அண்ணி அதற்காகத் தினமும் சாயந்திரம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிடங்குத் தெருவில் ஓடினாள். பாலம் வரை போய்த் திரும்புவாள். அண்ணன் சைக்கிளில் தண்ணீர்ப் பாட்டிலோடு பின்னால் போவான். திரும்பி வந்ததும் நான் அவனைத் தனியாகப் பிடித்துக் கேட்பேன்.

"எப்படி ஓடறாங்க?"

"ம்."

"நல்லா ஓடறாங்களா?"

"ம்ம்."

அந்த இரண்டாவது பதிலில் கொஞ்சம் நீளம் கூடியிருந்ததால் நல்ல சேதி என்றே எடுத்துக்கொண்டேன்.

பரிசோதனை அன்று காலை, எண் போட்ட பனியன்களைக் கூடையில் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். யாரும் வருவதற்கு முன்பே அண்ணன் கோடுகளைப் போட்டு முடித்திருந்தான். வழக்கமாகப் போட்டு முடித்ததும் எட்ட நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்து ரசிப்பான். அன்று பார்க்கவில்லை. வண்டியைக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போய், கழுவியதையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தான். பயம்போல என்று நினைத்தேன்.

சத்தம் ஆரம்பித்தது. எல்லோரும் வரிசையாக ஓடத் தொடங்கினார்கள். பயிற்சியாளருக்குக் கொஞ்ச நேரத்திலேயே முகம் மலர்ந்துவிட்டது. பாதியிலேயே நாக்குத் தள்ளுகிறவர்கள்கூட அன்று சிரித்துக்கொண்டே ஓடினார்கள். ஓட்டமென்றாலே காத தூரம் விலகிப்போகிற கோல்கீப்பர் பெண், பத்தாம் சுற்றிலும் வரிசையில் இருந்தாள். "பாருங்க, ஒழுங்கா பயிற்சி கொடுத்தா எப்படி வருதுன்னு" என்று பக்கத்திலிருந்த உதவியாளரிடம் அவர் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

முதல் ஓரிரு ஓட்டத்துக்குப் பிறகு அண்ணி மட்டும் விநோதமாக ஒரு காரியம் செய்தாள். இந்தப் பக்கத்துக் கோட்டில் எல்லோரையும்போலச் சரியாகத் திரும்பினாள். அந்தப் பக்கம் போனால் கோட்டில் திரும்பாமல், அதைத் தாண்டி இன்னும் ஒரு எட்டு ஓடிவிட்டுத் திரும்பினாள். ஒருமுறை என்றால் வேகத்தில் தாண்டிவிட்டாள் எனலாம். ஒவ்வொரு முறையும் அப்படியே செய்தாள்.

"கோட்டைத் தொட்டா போதும்மா. எதுக்குத் தாண்டிப் போறீங்க?" என்று பயிற்சியாளர் கத்தினார்.

அவள் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் ஓடிய ராக்கெட்டும், "அக்கா, இங்கயே திரும்புங்க" என்று கெஞ்சினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருக்கிற மூச்சை இப்படி வீணாக்குகிறாளே, நீயாவது சொல்லேன் என்று அண்ணன் பக்கம் திரும்பினேன். வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி அவன் நின்றிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை. கூடப் பிறந்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஒரு படத்தை மாட்ட அரைநாள் எடுத்துக்கொள்கிறவன், பெண்டாட்டிக்காகத் தூரத்தைக் குறைத்துக் கோடு போட்டிருக்கிறான். அது அவளுக்கும் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் அவன் வேலை போகும். திறக்காமல் அந்தக் கோட்டிலேயே திரும்பினால் அது அவள் ஓட்டமில்லை. அதனால்தான் அவன் திருடிய தூரத்தை ஒவ்வொரு முறையும் தன் காலாலேயே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

பதினோராம் சுற்று முடிய மூன்று ஓட்டம் பாக்கி இருந்தது. அண்ணி இரண்டாவது முறையாகப் பிந்தினாள். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றாள். மற்ற எல்லோரும் தேறிவிட்டார்கள். கோல்கீப்பர் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை, யாரைக் கண்டாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வண்டியை விட்டுவிட்டு நேராகப் பயிற்சியாளரிடம் போனான்.

"சார், அந்தக் கோடு ஒரு முழம் குறைச்சல்."

அவர் திகைத்துப்போனார். "உங்க கோடா? கை தவறிடுச்சா?"

தப்பித்துக்கொள்ள அவரே வழி காட்டுகிறார், ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்று நான் மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.

"இல்ல சார். வேணும்னுதான் குறைச்சேன்."

டேப் கொண்டுவரச் சொல்லி அவரே அளந்தார். அண்ணன் சொன்னது சரியாக இருந்தது. வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் ஓரிடத்தில் மட்டும் புல் உரிந்து மண் தெரிந்தது. அண்ணி திரும்பித் திரும்பி ஓடிய இடம். டேப்பை அதுவரைக்கும் இழுத்துப் பார்த்தார். இருபது மீட்டர். உட்கார்ந்த வாக்கிலேயே கொஞ்ச நேரம் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு அந்த மனிதரின் சட்டையை நான் கடைசியில் துவைக்கப் போட்டதில்லை.

"நாளைக்கு எல்லாரும் மறுபடி ஓடணும்" என்றார். அண்ணியிடம் வந்து குரலைத் தணித்து, "நீங்களும் வாங்கம்மா" என்றார்.

"நான் சரியான தூரம்தான் சார் ஓடினேன். என்னுது முடிஞ்சுது" என்றாள் அவள்.

அண்ணன்மேல் அவர் புகார் எழுதவில்லை. "இனிமே பரிசோதனைக் கோட்டை நானே போட்டுக்கறேன்" என்று மட்டும் சொன்னார். நாலு அறை விட்டிருந்தால்கூட அண்ணன் தாங்கியிருப்பான்.

அன்று சாயந்திரம் வீட்டில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வந்து வெகு நேரமாகியும் ஷூவைக் கழற்றவில்லை. அண்ணன் கதவுப் பக்கத்தில் ஸ்டூல்மேல் உட்கார்ந்திருந்தான். நான் நாசூக்காக எங்கேயாவது கடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. சமையலறையில் நின்று, நறுக்கிய வெங்காயத்தையே மேலும் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"முதல் ரெண்டு தடவை கோடு சீக்கிரமா வந்துச்சு" என்று அண்ணி ஆரம்பித்தாள். "எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? போன கால் திரும்பி வந்துடுச்சுன்னு. இருபது வயசுல ஓடின மாதிரியே இருக்கேன்னு. அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சுங்க. அப்புறம்தான் நிமிர்ந்து உங்க மூஞ்சியைப் பார்த்தேன்."

அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"கோட்டைக் குறைச்சதுக்குக்கூட எனக்குக் கோபமில்ல. நான் தேற மாட்டேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எப்ப தெரிஞ்சுது?"

அவன் பதில் சொல்வதற்குள் என் வெங்காயம் கூழாகிவிட்டது.

"முன்னெல்லாம் நீ ஓடினா, கூட வர்றதுக்கு நான் எழுந்து நின்னு மிதிப்பேன்" என்றான். "இப்ப பிரேக் பிடிச்சுக்கிட்டு வர்றேன்."

அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தெருவில் யாரோ கடைக் கதவை இழுத்து மூடினார்கள்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஆசையா ஓடிட்டிருந்தே."

அதைக் கேட்டு அண்ணி சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு எப்பவோ தெரியும்ங்க. ஆசையா சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கிளம்பறீங்களே, எப்படி வேணாம்னு சொல்றதுன்னுதான் நானும் ஓடிட்டிருந்தேன்."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். இந்த இரண்டு பைத்தியங்களும் ஒன்றுக்கொன்று தெரியாது என்று நினைத்து அந்தத் தெருவில் எத்தனை சாயந்திரம் போய்வந்திருக்கின்றன. எனக்கும் கண்ணில் நீர் முட்டியது. வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

அண்ணி காலை அவன் பக்கம் நீட்டி, "வலிக்குதுங்க" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அதுவரை நான் கேட்டதே இல்லை. நகம் பிய்ந்து ரத்தம் ஊறிய காலுறைகளை என் கையாலேயே துவைத்திருக்கிறேன். ஊசி போட்டுக்கொண்டு ஆடிவிட்டு வந்த நாட்களிலும், என்ன ஆச்சு என்று கேட்டால் "ஒண்ணுமில்லையே" என்றுதான் சொல்வாள். வலிக்கிறது என்று வீட்டில் சொல்லிப் பழகிவிட்டால், என்றைக்காவது மைதானத்தில் நாக்குத் தவறிவிடுமோ என்ற பயம். சொன்னால் அடுத்த ஆட்டத்தில் வேறொருத்தி நிற்பாள்.

அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தான். நாடாவை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி, அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"எங்கே வலிக்குது?"

"எல்லா இடத்துலயும்தான்" என்றாள் அண்ணி.

அவன் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தான்.