இப்பி நாச்சியின் தீர்ப்பு

சிவப்புக் கட்டைகளைப் பிடுங்கியவர் ஹனீபா நானா இல்லை. அது எனக்கு அன்றே தெரியும்! தெரிந்துகொண்டேதான் அவர் மேல் பழியைப் போட்டேன். அதையும் என் வாயால் போடத் துணிவில்லை... நானே கற்பனையில் பெற்றெடுத்த ஓர் அரசியின் வாயால் போட்டேன்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுக்கும்படி உங்களிடம் கேட்கமாட்டேன்.

யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து எங்களைக் கொண்டுவந்து, அடம்பன் ஊருக்கு உள்ளே ஒரு சரளைக்கல் கிறவல் வீதியோரம் இறக்கிவிட்டார்கள். கணவர் கடைசிச் சண்டையில் போய்விட்டார். எனக்கென்று மிஞ்சியவள் ஒன்பது வயது மகள் துளசி. எங்கள் தகரக் கொட்டிலுக்குக் கூரை போட்டுத் தந்தவர் பக்கத்துக் கொட்டில் செல்லையா அண்ணை. அதே மாதங்களில், தொண்ணூறாம் ஆண்டில் எங்கள் பக்கத்து இயக்கத்தால் துரத்தப்பட்ட முஸ்லிம் சனமும் புத்தளத்திலிருந்து திரும்பி வந்து குடியேறியது. அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பற்றைக்காடு. அதற்குள் மிதிவெடி. வெடி அகற்றுகிறவர்கள், உச்சியில் சிவப்பு மை பூசிய கட்டைகளைக் காட்டைச் சுற்றி நட்டிருந்தார்கள். கட்டைக்கு உள்ளே கால் வைத்தால் சாவு. எல்லோரும் வீதியால் சுற்றித்தான் போக வேண்டும்.

தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்று. வரிசையில் தினமும் சண்டை!

"நேற்று வந்தவை முன்னுக்கு நிக்கினம், பாருங்கோவன்!" என்பாள் எங்கள் பக்கத்துப் பெண்ணொருத்தி.

"நாங்க நேத்து வரல்ல புள்ள. இருவது வருசம் பிந்தி வந்திருக்கம். வாளிய நகத்துங்க!" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்.

எனக்குச் சண்டை என்றால் பயம். அதனால் வாளியை வரிசையில் வைத்துவிட்டு, இரு பக்கத்துப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாலை மர நிழலில் போய் இருந்துவிடுவேன். அவர்களை அடக்கி வைப்பதற்காகத்தான் இப்பி நாச்சியைப் பிறப்பித்தேன்.

முத்து விளையும் இப்பிக்குள் பிறந்த அரசி அவள். தாயும் இல்லை, சாதிசனமும் இல்லை. ஒரு பக்கம் கிணற்றார், மறுபக்கம் குளத்தார், இருவரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் நாட்டின் நடுவில் தனியே ஆட்சி செய்தாள். காலையில் கிணற்றிலிருந்து ஒரு கை, குளத்திலிருந்து ஒரு கை தண்ணீர் குடிப்பாள். ஒரு பக்கத்தை மறந்தாலும் நாக்குக் கறுத்துவிடும்! அவளுக்குப் பயமென்றால் என்னவென்றே தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம்தானே... என்னிடம் இல்லாததையெல்லாம் அள்ளி அவளுக்குக் கொடுத்தேன்.

பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் துளசியும் நஸ்ரினும் தோளோடு தோள் ஒட்டி இருப்பார்கள். நஸ்ரின், ஆடு மேய்க்கும் ஹனீபா நானாவின் மகள்.

ஒரு நாள் பிள்ளைகள் கேட்டார்கள், நாச்சி எப்படி அந்தச் சண்டையைத் தீர்த்தாளென்று. எனக்குக் கண் முன்னே கண்ட பொருளைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. இரு சனத்துக்கும் நடுவில் சிவப்புத் தலைக் கட்டைகள் நின்றன என்றேன். அவற்றின் கீழே பாம்புகள் உறங்கின என்றேன். நாச்சி வெறும் கையால் கட்டைகளைப் பிடுங்கி எறிந்தாள், பாம்பெல்லாம் தண்ணீராகி ஓடிற்று, கிணற்றாரும் குளத்தாரும் குறுக்கால் நடந்துபோய்க் கட்டிப் பிடித்தார்கள் என்றேன்!

பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பார்த்தீர்களா... சுடுகிற தேநீரைக் கூட மூன்று தரம் ஊதிவிட்டு மகளிடம் கொடுக்கிறவள் நான். அந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்குப் பயம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை வெடித்தது.

செல்லையா அண்ணை மாடு தேடிப் போயிருந்தார். கட்டை இல்லாத இடம், துப்புரவாக்கிய இடம் என்று நம்பிக் கால் வைத்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்தக் குரல்... மனிதக் குரலா அது!

சனம் ஓடிற்று. என்னால் ஓட முடியவில்லை. துளசியைத் தேடினேன். கொட்டிலுக்குப் பின்னால் குந்தியிருந்தாள். பக்கத்தில், பழைய தகரத்தின் கீழ், சிவப்புத் தலைக் கட்டைகள் அடுக்கிக் கிடந்தன.

"நானும் நஸ்ரினும்தான் அம்மா. கிட்டத்து வழியால போய் விளையாட... கரையில நிண்டுதான் பிடுங்கினனாங்கள். நாச்சியும் பிடுங்கினவதானே?"

அவள் வாயைப் பொத்தினேன். கட்டைகளை அடுப்பில் வைத்து எரித்தேன். சிவப்பு மை குமிழி விட்டு எரிந்த நாற்றம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது.

ஆமிக்காரர் வந்தார்கள், விசாரித்தார்கள். பிள்ளையை ஆமி முகாமுக்குக் கொண்டுபோவார்களோ... சனம் கல்லெறியுமோ... நினைத்து நினைத்து எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

அடுத்த தடவை பவுசர் வந்தபோது பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மாமி, எங்கட காட்டுக் கட்டையைப் பிடுங்கின கள்ளனை நாச்சி பிடிச்சவவோ? ஆர் அது?"

துளசி என்னையே பார்த்தாள். அவள் உதடு திறக்கப் போவதைக் கண்டேன். இன்னொரு நொடி விட்டிருந்தால் சொல்லியிருப்பாள்!

"ஆட்டுக்காரன்," என்றேன். "ஆடு மேய்க்க இடம் வேணுமெண்டு ஆட்டுக்காரன்தான் பிடுங்கினவன். நாச்சி கண்டுபிடிச்சிட்டா."

நான் அவரை நினைத்துச் சொன்னேனா? இல்லை என்று பல தரம் எனக்கு நானே சத்தியம் செய்திருக்கிறேன். எங்கள் இரு பக்கத்திலும் ஆடு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். இனி நீங்களே முடிவு செய்யுங்கள்.

நஸ்ரின் எழுந்தாள். துளசியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு நடந்து போனாள்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போய், "ஆட்டுக்காரர்தான் பிடுங்கினவர்" என்று மட்டும் சொன்னார்கள். 'கதையில்' என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் கண்ணால் கண்டதாகவே பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

"குழந்தைப் பிள்ளையள் பொய் சொல்லுமே? காணி பிடிக்கத்தான் வந்தவங்கள்!" என்றது எங்கள் பக்கத்துச் சனம்.

பவுசர் வரிசையில் அவருடைய வாளி உதைபட்டு உருண்டது. ஆடுகளுக்குக் கல் விழுந்தது. அவருடைய பக்கத்துச் சனமே, வம்பு வேண்டாம் என்று அவரை விட்டு ஒதுங்கிற்று. ஒருநாள் அவர் எங்கள் பக்கம் வந்து, வீதியில் நின்று, கையை விரித்துச் சொன்னார்.

"அல்லாஹ் மேல ஆணையாச் சொல்றன், நான் தொடல்ல. தொண்ணூறிலயும் ஒரு காரணமும் சொல்லாமத்தான் போகச் சொன்னீங்க. இப்பயாவது ஆர் கண்டதெண்டு சொல்லுங்க!"

நான் தகரக் கதவுக்குப் பின்னால் நின்றேன். இரண்டே எட்டு வைத்தால் வீதி... அந்த இரண்டு எட்டை நான் வைக்கவில்லை.

மாதம் முடிவதற்குள் அவர்கள் லொறியில் சாமானேற்றி மறுபடி புத்தளத்துக்கே போனார்கள். பிறகு நான் பிள்ளைகளுக்குக் கதை சொல்லவில்லை. ஆனால் இப்பி நாச்சி என்னை விட்டுப் போகவில்லை. தண்ணீர் அள்ளும்போது வாளிக்குள்ளிருந்து பார்க்கிறாள். வாயைத் திறக்கிறாள். நாக்குக் கறுத்திருக்கிறது...

துளசி வளர்ந்துவிட்டாள். நஸ்ரினை எப்படியோ போனில் தேடிப் பிடித்தாள். போன கிழமை போனை என் கையில் தந்தாள்.

"மாமி, வாப்பா மௌத்தாகி நாப்பது நாளாகிட்டு," என்றாள் நஸ்ரின். "கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தார், ஆர் பிடுங்கினதெண்டு. நான் சொல்லல்ல மாமி. நானும் பிடுங்கினதானே..."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபித்திருக்கலாமே! பெற்ற தகப்பனுக்கு முன்னால் அந்தப் பிள்ளையை இத்தனை வருடம் வாய் மூடி இருக்க வைத்தவள் நான். என்ன சொன்னேன் தெரியுமா?

"அங்க மழையோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த இன்று காலை செல்லையா அண்ணைக்குத் தேநீர் கொண்டுபோனேன். வெட்டிய காலைத் தடவிக்கொண்டிருந்தார். ஹனீபா நானா செத்த செய்தி அவருக்கும் எட்டியிருந்தது.

"கேள்விப்பட்டியே தங்கச்சி, அந்த ஆட்டுக்காரன் செத்திட்டானாம். என்ர காலைத் திண்டவன். கடவுள் இருக்கிறார் என்ன?"

ஒரு கணம் எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்தேன். துளசிக்கு இப்போது கலியாணம் பேசி வைத்திருக்கிறது...

"ஓம் அண்ணை," என்றேன்.

தேநீரை வாங்கிக் குடித்தார்.